கோசாம்பியின் தராசு

காலையில் புனேயிலிருந்து மும்பைக்குப் புறப்படும் டெக்கான் குவீன் வண்டியை நம் மாணவர் அனைவரும் அறிவர். 1930-ஆம் ஆண்டு முதல் ஓடும் வண்டி அது. காலையில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். அலுவலகத்துக்குப் போவோரும் வாணிகரும் நிறைந்த அந்த வண்டியில், 1945 முதல் 1962 வரை, ஒரு கணிதப் பேராசிரியரும் போய்வந்தார். பம்பாய் என்று அன்று வழங்கிய நகரில் அவருக்கு வேலை. வீடோ பூனாவில், பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிலையத்தின் பக்கத்தில். வேலைக்கு அருகிலே குடியேறாமல் நூல்நிலையத்துக்கு அருகிலே குடியிருந்தவர் என்றால் மனிதரை ஒருவாறு புரிந்துகொள்ளலாம்.

அவர் பெயர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. நம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் நண்பரைக் கேட்டால், கோசாம்பி பெரிய வரலாற்றாசிரியர் என்பார். மரபியல் படிக்கும் நண்பரைக் கேட்டால், குரோமோசோமில் தூரம் அளக்கும் கோசாம்பி வாய்பாடு என்று சொல்வார். அதை எழுதியவர் யார் என்று கேட்டால் விழிப்பார். வடமொழித் துறையில் கேட்டால் பர்த்ருஹரியைப் பதிப்பித்தவர் என்பார்கள். கணிதத் துறையில் பாதைவெளி வடிவகணிதம் என்று ஏதோ சொல்லத் தொடங்குவார்கள். நான்கு துறையிலும் நான்கு கோசாம்பிகள் இருந்தார்கள் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் இங்கு வந்து ஓராண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கோசாம்பி 1907-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் கோவாவில் பிறந்தார். தந்தை தர்மானந்தர் ஒரு விந்தையான மனிதர். புத்தர் நெறியை அறிய வேண்டும் என்னும் ஒரே ஆசையால் இளம் மனைவியையும் குழந்தையையும் விட்டுப் புறப்பட்டு, நேபாளமும் காசியும் சுற்றி, இலங்கைக்குச் சென்று பாலிமொழி கற்றுத் துறவு பூண்டு, பிறகு குடும்பத்துக்குத் திரும்பி வந்தவர். பூனாவில் பெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் விசுத்திமக்கம் என்னும் பாலி நூலைப் பதிப்பிக்க அவரை அழைத்தது. 1918-இல் அவர் அமெரிக்கா சென்றபோது, பதினொரு வயது மகனும் உடன் சென்றான்.

அங்கே பள்ளியில் படித்து, அதே ஹார்வர்டில் சேர்ந்து, 1929-இல் மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார் கோசாம்பி. கணிதத்தோடு பல ஐரோப்பிய மொழிகளும் கைவந்தன. நார்பர்ட் வீனர் போன்ற கணித மேதையின் நட்பும் கிடைத்தது. அந்தப் பட்டமே அவர் படித்துப் பெற்ற கடைசிப் பட்டம். டாக்டர் பட்டத்துக்காக அவர் ஆய்வேடு எதுவும் எழுதவில்லை. ஆறாண்டு ஏழாண்டு ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நம் விடுதி நண்பர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

நாடு திரும்பியதும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. ஈராண்டு சென்றபின், பிரான்சிலிருந்து அலிகார் வந்து கணிதத் துறையை நடத்திக்கொண்டிருந்த ஆந்திரே வெய் என்னும் இளைஞர் அவரை அங்கே அழைத்துக்கொண்டார். இருவருக்கும் இளம் வயது, இருவருக்கும் குறும்பு. உடன் வேலை பார்த்த ஒருவரை மடக்குவதற்காக, பூர்பாக்கி என்னும் இல்லாத ஓர் உருசிய அறிஞரின் தேற்றத்தைப் பற்றிக் கட்டுரை எழுது என்று வெய் தூண்டினார். கோசாம்பியும் 1931-இல் எழுதி அச்சிட்டுவிட்டார். சில ஆண்டு கழித்து வெய்யும் அவர் நண்பர்களும் பாரிசில் கூடிக் கணிதம் முழுவதையும் புதிதாக எழுத முற்பட்டபோது பூர்பாக்கி என்ற அதே பெயரைப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டனர். உலகக் கணித ஏடுகளில் அப்பெயர் முதன்முதல் ஏறியது வடஇந்தியாவில் ஒரு விளையாட்டால் என்பது பலருக்குத் தெரியாது.

1933-இல் கோசாம்பி பெர்குசன் கல்லூரிக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டு அங்கே கணிதம் கற்பித்தார். அதே 1933-இல் அவர் எழுதிய பாதைவெளிக் கட்டுரை செருமானிய ஏடொன்றில் வெளிவந்தபோது, பிரான்சின் பெருங்கணித அறிஞர் எலீ கார்த்தான் அதைத் தொடர்ந்து தம் குறிப்பையும் அதே ஏட்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இராமானுசன் நினைவுப் பரிசு கிடைத்தது. வயது இருபத்தேழு. இனி அந்த ஒரே வழியில் நடந்தால் போதும்; பட்டமும் பதவியும் தாமே வந்து சேரும். அவர் நடக்கவில்லை.

என்ன செய்தார்? காசுகளை நிறுக்க ஆரம்பித்தார்.

புள்ளியியலைத் தாமே கற்றுக்கொள்ள விரும்பிய அவர், கற்றதைப் பயன்படுத்திப் பார்க்க ஏதேனும் ஒரு பொருளைத் தேடினார். பழைய வெள்ளி முத்திரைக் காசுகள் கண்ணில் பட்டன. புத்தர் காலம் தொட்டு மோரியர் காலம் கடந்தும் இந்நாட்டில் புழங்கியவை அவை. வெள்ளித் தகட்டை வெட்டி, ஏறத்தாழ 32 குன்றிமணி எடைக்குச் சரிசெய்து, முகப்பில் ஐந்து குறிகளைக் குத்திவிடுவார்கள். கதிரவன், யானை, மலை, மரம் என்று குறிகள் பல. ஆனால் எழுத்து ஒன்றும் இல்லை, மன்னன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அறிஞர்கள் இந்தக் குறி இன்ன தெய்வத்துக்கு உரியது, அந்தக் குறி இன்ன குலத்துக்கு உரியது என்று பக்கம் பக்கமாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். கோசாம்பியின் நோக்கு வேறாக இருந்தது. குறியைப் பற்றி ஊகம் செய்வதை விட்டுவிட்டு, காசை எடுத்துத் தராசில் வைத்தார்.

அவருடைய எண்ணம் எளியது. காசு கை மாறும்போதெல்லாம் அணுவளவு தேய்கிறது. ஒரு காசு எவ்வளவு தேயும் என்று சொல்ல முடியாது; ஒன்று பையிலே கிடக்கும், ஒன்று சந்தையிலே உருளும். ஆனால் ஒரே நாளில் அடித்த ஆயிரம் காசுகளை எடுத்துக்கொண்டால், அவற்றின் சராசரி எடை காலத்தோடு ஒழுங்காகக் குறையும். அதோடு, அவற்றுக்குள் எடை வேறுபாடும் காலத்தோடு விரிந்துகொண்டே போகும். ஆகவே, ஒரு புதையலில் உள்ள காசுகளைக் குறி வாரியாகப் பிரித்து நிறுத்தால், எந்த வகை அதிகம் தேய்ந்ததோ அது முந்தியது. எது குறைவாகத் தேய்ந்ததோ அது பிந்தியது. புதையலாகப் புதைத்த நாளிலேயே எல்லாக் காசுகளின் ஓட்டமும் நின்றுவிடுவதால் இந்த ஒப்பீடு செல்லும். இது உண்மைதானா என்று சோதிக்க, தம் காலத்தில் கடைத்தெருவில் புழங்கிய காசுகளையே முதலில் திரட்டி நிறுத்துப் பார்த்தார். அவற்றிலே ஆண்டு அச்சிட்டிருக்கிறது அல்லவா? கணக்குச் சரியாக வந்தது.

பிறகு தட்சசீலத்துக் காசுகள். அங்கே பீர் மேட்டில் 1924-இல் ஒரு புதையல் கிடைத்திருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகளோடு அலெக்சாந்தர் காசு இரண்டும், அவனுக்குப் பின் ஆண்ட பிலிப்பு காசு ஒன்றும், அடித்த மெருகு குலையாமல் கிடந்தன. ஆகவே புதைத்த காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்று தெரிந்தது. கோசாம்பி அக்காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். அப்போது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. காசுகளின் பின்புறத்தில் சிறுசிறு குறிகள் உண்டு. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் ஐந்தாறு. அவற்றை யாரும் பொருட்படுத்தியதில்லை. பின்குறி கூடக் கூட எடை குறைந்துகொண்டே வந்தது, அதுவும் ஒரே சீராக! அப்படியானால் அவை அணிக்காகக் குத்தியவை அல்ல. வாணிகர் கூட்டத்தார் குறித்த காலத்துக்கு ஒருமுறை காசைச் சோதித்துச் செல்லும் என்று குத்திய அடையாளங்கள் என்று கோசாம்பி முடிவு செய்தார். பெயர் தெரியாத அந்தச் சோதனைக்காரர்கள், இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன், தம்மை அறியாமலே ஒரு நாட்காட்டி எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படிக்கத் தேவைப்பட்டது தராசு.

இந்த வேலையில் எத்தனை ஆயிரம் காசுகள் அவர் கையில் ஏறி இறங்கினவோ! 1940-களில் தொடங்கியது, இறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1966-இல், அமெரிக்க அறிவியல் ஏடொன்றில் இதைப் பற்றி எல்லோருக்கும் விளங்க எழுதினார். கருவியோ ஒரு நல்ல தராசு, ஒரு தாள், பொறுமை. நம் ஆய்வுக்கூடங்களில் புதிய கருவி வந்து சேரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. சில ஆய்வுக்குக் கருவி வேண்டியதுதான். ஆயினும் இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இதே ஆண்டுகளில் வேறு இரண்டு கட்டுரைகள். ஒன்று 1943-இல் வெளிவந்தது. தொடர்ந்து மாறும் அளவைகளைப் புள்ளியியல் முறையில் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கும் வழி அது. சில ஆண்டு பிந்தி கார்குனன், லொயேவ் என்னும் இருவர் தனித்தனியே அதைக் கண்டனர். இன்று படங்களைச் சுருக்குவதற்கும் வானிலைக் கணக்குக்கும் பயன்படும் அம்முறை அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. மற்றொன்று மரபியல். பெற்றோரிடமிருந்து பண்புகள் குழந்தைக்குச் செல்லும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்ளும். எத்தனை முறை மாறுகிறது என்பதை வைத்து இரு பண்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். ஓரிடத்தில் மாற்றம் நிகழ்ந்தால் அருகில் இன்னொன்று எளிதில் நிகழாது என்பதையும் சேர்த்துக் கோசாம்பி ஒரு வாய்பாடு தந்தார். நான்கே பக்கக் கட்டுரை. அதன்பின் மரபியலில் அவர் தங்கவில்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் மரபுவரைபடம் போடுகிறவர்கள் இன்றும் கணிப்பொறியில் அந்த வாய்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

காசிலிருந்து வடமொழிக்கு வந்ததும் கதை போன்றதுதான். காசைப் புழங்கிய மக்களை அறிய நூல்களைப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கப் புகுந்தவர் பர்த்ருஹரியிடம் நின்றுவிட்டார். நீதி, காதல், துறவு பற்றி நூறு நூறாகப் பாடியவர் என்று சொல்லப்படும் கவி. நம் பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியாரும் இவரும் ஒருவரே என்று கருதுவாரும் உண்டு. பாடல்கள் நாடெங்கும் பரவியவை. ஊருக்கு ஓர் ஏடு. ஏட்டுக்கு ஒரு பாடம். எது பர்த்ருஹரி பாடியது, எது பின்னால் வந்தவர் செருகியது? கோசாம்பி நூற்றுக்கணக்கான சுவடிகளைத் திரட்டினார். தென்னாட்டுச் சுவடிகளின் மூலபாடத்தைத் தனியே ஆராய்ந்து 1946-இல் ஒரு நூலாக்கினார். 1948-இல் முழுப் பதிப்பு வந்தது. பர்த்ருஹரி பெயரில் வழங்கும் 852 பாடல்களில் ஏறத்தாழ எல்லாச் சுவடி மரபுக்கும் பொதுவாக உள்ளவை 200 மட்டுமே என்று பிரித்துக்காட்டினார். அவையே பழையவை ஆகலாம். மற்றவை ஐயத்துக்கு உரியவை.

இங்கேயும் அவர் செய்தது நிறுத்தல் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏடும் கை மாறுகிறது. மாறும்போது காசு தேய்கிறது, பாட்டு வளர்கிறது. அவ்வளவே வேறுபாடு. அழகான பாடல் ஆதலால் இது பர்த்ருஹரியுடையதே என்று வாதிடும் புலவர்களை அவர் மதிக்கவில்லை. எத்தனை சுவடியில் இருக்கிறது என்று எண்ணினார். ஆனால் அந்த 200 பாடலையும் பாடியவர் ஒருவர்தாமா, அவர் எந்த நூற்றாண்டினர் என்ற கேள்விக்கு எண்ணிக்கை விடை தரவில்லை. அது இன்னும் திறந்தே கிடக்கிறது.

1957-இல், கோகலே என்னும் அறிஞரோடு சேர்ந்து, வித்யாகரர் தொகுத்த சுபாஷித இரத்தினகோசத்தைப் பதிப்பித்தார். வங்கத்துப் பௌத்த மடமொன்றில் தொகுக்கப்பட்டு, இந்நாட்டிலே மறைந்து, திபெத்து மடத்திலே பிழைத்துக் கிடந்த தொகைநூல் அது. தந்தை எந்த ஹார்வர்டு வரிசைக்காக உழைத்தாரோ அதே வரிசையில் மகனின் நூலும் வந்தது. தர்மானந்தர் அதைக் காண இல்லை. உடல் தளர்ந்தபின் உணவை விட்டு, 1947-இல் சேவாகிராமத்தில் உயிர் துறந்தார்.

இனி மலைகள். நம் ஊரைச் சுற்றிலும் மொட்டை மலைகள் இருக்கின்றன அல்லவா? கோசாம்பி ஓய்வு நாட்களில் அவற்றின்மேல் ஏறி நடந்தார். ஓரிடத்தில் நகக்கண் அளவுள்ள கூரிய கற்சில்லுகள் கிடந்தன. உலோகம் அறியாத மக்கள் செய்த நுண்கற்கருவிகள். பிறகு எங்கெங்கே அவை கிடக்கின்றன என்று குறித்துக்கொண்டே நடந்தார். பல இடங்களில் அவை கிடக்கும் வழியும், இன்றைய ஆட்டிடையர் மழைக்கும் வெயிலுக்கும் மந்தையோடு இடம்பெயரும் வழியும், செந்தூரம் பூசிய அம்மன் கற்கள் நிற்கும் இடங்களும் பொருந்தி வந்தன. ஊருக்குள் இருக்க வேண்டிய தெய்வம் ஏன் ஊருக்கு வெளியே முச்சந்தியிலும் மலையுச்சியிலும் நிற்கிறது? ஊர் உண்டாவதற்கு முன்பே அவள் அங்கே இருந்தாள். மக்கள் கூடிய பழைய வழி அது என்றார் அவர். கணவன் இல்லாத அம்மன்கள் சிலருக்குப் பிற்காலத்தில் மணம் செய்து வைத்ததையும், எருமை அரக்கனாகிய மசோபா ஓரிடத்தில் அம்மனுக்குக் கணவனாகவும் இன்னோரிடத்தில் அவளால் கொல்லப்படுபவனாகவும் இருப்பதையும் எடுத்துக்காட்டி, இரண்டு கூட்டத்தார் கலந்த கதையும் மோதிய கதையும் இவை என்றார். நம் ஊர் எல்லையில் பிடாரி கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று; ஆனால் அதைக் கேள்வியாகக் கேட்க நமக்குத் தோன்றியதில்லை.

மளவ்லி நிலையத்திலிருந்து பார்த்தால் தெரியும் கார்லா குகைக்குப் பலமுறை சென்றார். அங்கே தூண்களில் கொடையாளர் பெயர்கள் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. தேனுகாகடம் என்னும் ஊரினர் என்று பலர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். யவனர் சிலரும் அவ்வூராரே. அந்த ஊர் எது? கடற்கரைத் துறைமுகமா, ஆந்திர நாட்டு நகரமா என்று அறிஞர் பலவாறு கூறினர். கோசாம்பி 1955-இல் எழுதிய கட்டுரையில், ஊர் குகைக்கு அருகிலேயே வணிகப் பாதையில் இருந்திருக்க வேண்டும் என்றார். தூணுக்குப் பொருள் தந்தவர்கள் அவ்வழியே போகிறவர்களாக இருக்க வேண்டும் அல்லவா என்பது அவர் கணக்கு. எல்லோரும் ஒப்பவில்லை. தேனுகாகடம் இன்றும் வரைபடத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

காசு, சுவடி, கல் என்று திரட்டிய இவையெல்லாம் சேர்ந்து 1956-இல் இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம் என்னும் நூலாயின. எந்த மன்னன் எந்த ஆண்டு பட்டம் ஏறினான் என்பதைவிட, மக்கள் ஏர் பிடித்து உழுதார்களா என்பதே தமக்கு முதன்மை என்று அவர் எழுதப் புகுந்தார். மார்க்சின் வழியைப் பின்பற்றினார். ஆனால் ஐரோப்பாவுக்கு வகுத்த படிகளை இந்தியாவின்மேல் அப்படியே ஏற்றி வைத்த தோழர்களோடு ஓயாமல் சண்டையிட்டார். மேலிருந்து வந்த நிலவுடைமை, கீழிருந்து எழுந்த நிலவுடைமை என்று அவர் பிரித்தது பெரும் வாதத்தைக் கிளப்பியது. 1981-இல் ஹர்பன்ஸ் முகியா இந்நாட்டில் நிலவுடைமை முறை இருந்ததா என்றே கேட்டார். வாதம் முடியவில்லை. நூலில் பிழைகளும் உண்டு. துணிந்த ஊகங்களை உறுதி போலச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆனால் அந்நூலைப் படித்தபின் பழைய முறையில் வரலாறு எழுதுவது எவருக்கும் கடினமாயிற்று.

இத்தனையும் கணிதப் பேராசிரியர் ஒருவர் வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் செய்தவை. 1945-இல் ஹோமி பாபா, புதிதாகத் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரை அழைத்திருந்தார். முதலில் இருவரும் நெருங்கிய நண்பர்கள். பின்பு வழி பிரிந்தது. பாபா அணு ஆற்றலில் நாட்டின் வருங்காலத்தைக் கண்டார். கோசாம்பியோ, வெயில் கொட்டிக்கிடக்கும் நாட்டில் கதிரவன் ஆற்றலை விட்டு அணுவைத் தேடுவானேன் என்று மேடைகளில் பேசினார். உலக அமைதி இயக்கத்திலும் முன்னின்றார். அணுத்துறையின் தலைவர் நடத்தும் நிலையத்தில் சம்பளம் பெற்றுக்கொண்டே அணுவைக் கண்டித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறிவரும் இந்நாளில் அவர் சொன்னது பித்தாகத் தோன்றாது. அன்று தோன்றியது.

இந்த நிலையில்தான் அவர் தம் வாழ்நாளின் பெரும் பிழையைச் செய்தார். 2, 3, 5, 7 என்று செல்லும் பகா எண்கள் எண்வரிசையில் எப்படிப் பரவிக்கிடக்கின்றன என்பது பற்றி 1859-இல் ரீமான் ஒரு கருத்தை வெளியிட்டார். அதை மெய்ப்பிக்க முயன்று தோற்காத பெருங்கணிதர் அரியர். 1959-இல் கோசாம்பி, வேளாண் புள்ளியியல் கழகம் ஒன்றின் ஏட்டில், நிகழ்தகவு முறையால் அதை மெய்ப்பித்துவிட்டதாகக் கட்டுரை வெளியிட்டார். கணித உலகம் அதை ஏற்கவில்லை. நகைத்தது என்றே சொல்ல வேண்டும்.

பிழை எங்கே என்று கணிதம் படிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். ஆயிரம் காசுகள் எப்படித் தேயும் என்று நிகழ்தகவு சொல்லும். அங்கே தனிக்காசு எப்படிப் போனாலும் கவலை இல்லை. பகா எண் வரிசையோ ஒன்றே ஒன்று. அதைப் போன்ற வரிசைகளில் ஏறத்தாழ எல்லாம் இப்படி நடக்கும் என்று காட்டினால், அந்த ஒன்றும் அப்படியே நடக்கிறது என்று ஆகாது. அதுவே விலக்காக இருந்துவிட்டால்? காசிலும் சுவடியிலும் அவரைக் கைவிடாத அதே தராசு, பகா எண்ணை நிறுக்க உதவவில்லை. கருவியின் எல்லையை எல்லோருக்கும் சொல்லித் தந்தவர் தம் கருவியின் எல்லையை மறந்தார். எனினும், இது மூடத்தனத்தால் வந்த பிழை அன்று; இருபது ஆண்டு வெற்றியால் வந்த பிழை. அதனாலேயே அது என் மனத்தை வருத்துகிறது.

1962-இல் நிலையத்தில் அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வயது ஐம்பத்தைந்து. ரீமான் கட்டுரையால் நிலையத்துக்கு நேர்ந்த தலைகுனிவா, அணுவைப் பற்றிய பேச்சா, கணிதத்தை விட்டுக் காசும் கல்லும் தேடித் திரிந்ததா, டெக்கான் குவீன் நேரத்துக்கு வந்து டெக்கான் குவீன் நேரத்துக்குப் போனதா? இன்றும் அவரைப் பற்றி எழுதுவோர் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவர் நாவும் காரணமாக இருக்கலாம். அறியாமையைக் கண்டால் பொறுக்கமாட்டார். பெரிய மனிதரின் அறியாமையைக் கண்டால் சிறிதும் பொறுக்கமாட்டார். ஒரு நிலையம் தன் துறையில் பிழைபட்ட ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால், அந்த நிலையத்தில் அன்று இருந்த எத்தனை பேர் ஆய்வை இன்று நான்கு துறையினர் தேடிப் படிக்கிறார்கள் என்று கேட்பதும் நியாயமே.

வேலை போனபின்னும் அவர் ஓயவில்லை. எஸ். துக்ரே என்னும் புனைபெயரில் எண்கணிதக் கட்டுரைகள் எழுதினார். 1962-இல் தொன்மமும் மெய்ம்மையும் பற்றிய நூல். 1965-இல் பழங்கால இந்தியாவின் பண்பாடும் நாகரிகமும் பற்றிய நூல். 1964-இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அவருக்கு மதிப்புறு விஞ்ஞானிப் பதவி தந்தது. பூனாவிலேயே இருந்து வேலை செய்தார். 1966-ஆம் ஆண்டு சூன் 29 விடியலில் எழவில்லை. உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் பிரிந்திருந்தது. ஐம்பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. 2008-இல் அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

ரீமான் கருத்து இன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. 2000-ஆம் ஆண்டு அதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள். பரிசு அப்படியே இருக்கிறது. முத்திரைக் காசுகளில் எது முந்தியது எது பிந்தியது என்று தராசு சொல்லிவிட்டது. ஆனால் எந்தக் குறி எந்த மன்னனுக்கு உரியது என்று அது சொல்லவில்லை. பிறை சூடிய மலைக்குறியை மோரியருக்கு உரியது என்பர். அதற்கு முந்திய குறிகளில் நந்தர் யார், அவர்க்கு முன்னோர் யார் என்பதில் கோசாம்பி சொன்ன வரிசையை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு.

தமிழ்நாட்டுப் புதையல் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. மேற்கு மலை அடிவாரத்தில் போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுகளை ஆராய்ந்து, தட்சசீலக் கட்டுரைக்குத் துணையாக இன்னொரு கட்டுரை எழுதினார். வடக்கே தட்சசீலத்தில் புழங்கிய காசும், ஏலமலை அடியில் புழங்கிய காசும் ஒரே கணக்குக்குள் வந்தன. போடிக் காசுகளை அடித்தவர் பாண்டியர் என்று கருதுவோர் உளர். காசில் பெயர் இல்லை.